மரகதம் எழுதிய ஒரு சொல்

கொல்லிமலை அடிவாரத்தில் சீடர்களே இல்லாத குரு ஒருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் அர்த்தநாரி வாத்தியாருக்குக் கோபம் வந்துவிடும். சீடராக அவர் ஒருவர் இருந்தாரே!

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. குரு வடமலை பதினேழு வருஷம் லாரி ஓட்டியவர். ஒருநாள் நாமக்கல்லில் லோடு இறக்கிவிட்டு, இனி ஓட்டவில்லை என்று சொல்லி நடந்தே வந்து, அடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கும் வெகுகாலம் முன்னால், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் அர்த்தநாரி வாத்தியாரிடம் ஆங்கிலம் படித்தவர். படித்தவர் என்பதைவிட, அந்த நேரத்தில் வகுப்பில் இருந்தவர் என்பது சரி. முழு ஆண்டுத் தேர்வில் பதினொரு மதிப்பெண்.

தான் ஃபெயில் போட்ட பையன் ஒருவன் சாமியாராகிவிட்டான், ஜனங்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள் என்று ஓய்வு பெற்ற பிறகு வாத்தியார் கேள்விப்பட்டார். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற அதிகாரியின் மிடுக்கோடு வந்து இறங்கினார். வந்ததும் கேட்டார்.

"ஞானம் என்றால் என்ன?"

"தெரியாது சார்."

ஒன்பதாம் வகுப்பில் எரிச்சலைக் கிளப்பிய அதே பதில், அதே குரல். இந்தத் தடவை மட்டும் அது வாத்தியாரை என்னவோ செய்துவிட்டது. முப்பத்துநாலு வருஷ உத்தியோகத்தில் யாரும் அவரிடம் இதை இவ்வளவு நிம்மதியாகச் சொன்னதில்லை. ஒரு வாரம் தங்கிவிட்டு வருகிறேன் என்று சேலத்தில் மாடி வீட்டில் இருந்த மனைவிக்குக் கார்டு போட்டார். அந்த ஒரு வாரத்துக்கு இப்போது பதினாலாவது மாதம் நடக்கிறது.

அன்று வியாழக்கிழமை. காலையில் தபால்காரர் ஒரு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வாத்தியார் படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடியும் முன்பக்கம் படித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குரு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"உட்காருங்க சார். அந்தப் பக்கம் வேணாம், காத்து அங்கதான் வீசுது, கண்ணு எரியும்."

வாத்தியார் இந்தப் பக்கம் உட்கார்ந்து கார்டை நீட்டினார். குரு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"மகள் வந்திருக்கிறாள். வரும் வெள்ளி மதியம் பன்னிரண்டு மணி ரயிலில் அவளோடு பூனாவுக்குப் போகிறேன். இனிமேல் அங்கேதான். மரகதம்."

குரு கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நாளைக்கு ஆறேகால் பஸ்ஸுக்கு நீங்க கிளம்பணும். பத்து மணிக்கு சேலம் போயிரும்."

"கிளம்பலாம். அதில் ஒன்றும் சிரமமில்லை. ஆனால் விடை தெரியாமல் எப்படிக் கிளம்புவது?"

"எந்தக் கேள்விக்கு?"

"போன மாதம் ஒரு கார்டு வந்தது. அதில் கேட்டிருந்தாள்."

"என்னன்னு?"

"ஒரே ஒரு சொல். ஆங்கிலத்தில். 'ரிமெம்பர்', ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான்."

"அப்படின்னா என்னங்க சார்?"

"ஞாபகமிருக்கிறதா?"

"எது?"

"அதுதானே சாமி என் கேள்வி! எதுவென்று எழுதவில்லை. நீங்கள்தான் சொல்லவேண்டும். எதை ஞாபகமிருக்கிறதா என்று கேட்கிறாள்?"

குரு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். வாத்தியார் பெருமூச்சு விட்டார்.

மரகதம் முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ட்ரங்க் கால் காலம். மூன்று நிமிஷத்துக்குள் கல்யாணத்தையும் சாவையும் சொல்லி முடிக்கிற ஜனங்களுக்கு இணைப்புக் கொடுத்துக் கொடுத்து, அவளுக்கும் அந்தச் சிக்கனம் படிந்துவிட்டது. "அரிசி இல்லை" என்பாள். "மாமா விழுந்துட்டார், வாங்க" என்பாள். வாத்தியார் அப்படியல்ல. தாகம் எடுத்தால்கூட, தாகத்தின் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார்.

"அந்த மொதல் கார்டுக்கு நீங்க பதில் போட்டீங்களா?" என்று கேட்டார் குரு.

"போடாமல் இருப்பேனா? நாலு பக்கம் எழுதினேன்."

குருவின் முகம் மலர்ந்தது. "நாலு பக்கமா! பரவாயில்லையே. என்ன எழுதினீங்க?"

"அந்தச் சொல்லைப் பற்றி."

வெங்காயம் உரிக்கிற கை நின்றது.

"அவங்களைப் பத்தி இல்லைங்களா?"

"சொல்லைப் பற்றித்தானே கேள்வி வந்தது? கார்பன் காப்பி வைத்திருக்கிறேன், படிக்கட்டுமா?"

குரு வேண்டாம் என்று சொல்வதற்குள் வாத்தியார் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் நிற்பதுபோல நின்றார்.

"அன்புள்ள மரகதம், நலம், நலமறிய ஆவல். நீ எழுதியிருக்கும் சொல் ஆங்கிலத்துக்கு பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் 'மெமோர்' என்றால் கருத்தாக இருப்பவன், மனத்தில் வைத்திருப்பவன். 'ரி' என்பது மறுபடியும். ஆக மறுபடியும் மனத்தில் கொண்டுவருதல்."

"நல்லா இருக்குதுங்க."

"இன்னும் பின்னால் போனால், நாம் சொல்லும் ஸ்மரணைக்கும் அந்த மெமோருக்கும் ஒரே வேர் என்று மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். அதாவது மரகதம், நீ ஆங்கிலத்தில் எழுதிவிட்டதாக நினைத்தாயே, அதன் பாட்டனார் நமக்கும் தூரத்துச் சொந்தம்."

"இதை அவங்க ரசிச்சிருப்பாங்க."

"ரசித்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன்." வாத்தியார் பக்கத்தைத் திருப்பினார். "சிலர் இந்தச் சொல்லை இரண்டாக உடைத்து, 'மெம்பர்' என்றால் உறுப்பு, எனவே சிதறிய உறுப்புகளை மறுபடியும் சேர்ப்பதுதான் இதன் பொருள் என்று மேடையில் முழங்குவார்கள். கைதட்டலும் வாங்குவார்கள். அது பிழை. உறுப்புக்கு வேர் வேறு. நடுவில் இருக்கும் அந்த 'ப' பிரெஞ்சுக்காரர்களின் நாக்கு வசதிக்காக வந்து ஒட்டிக்கொண்டது. யாராவது உன்னிடம் அப்படிச் சொன்னால் நம்பாதே."

"அவங்ககிட்ட யாராவது அப்படிச் சொன்னாங்களா?"

"இல்லை. முன்னெச்சரிக்கை." வாத்தியார் தொடர்ந்தார். "இனி இதன் பொருள்கள். மறந்ததை மீட்பது ஒன்று. மறக்காமல் வைத்திருப்பது இன்னொன்று. இவை இரண்டும் வேறு வேறு என்பதைக் கவனி. உயிலில் ஒருவருக்கு ஏதாவது எழுதி வைத்தாலும் இதே சொல். பிரார்த்தனையில் ஒருவர் பெயரைச் சொன்னாலும் இதே சொல். பயணம் முடிந்து இறங்கும்போது டிரைவர் கையில் ஏதாவது வைத்து அழுத்தினால்கூட, அவரை 'ரிமெம்பர்' பண்ணியதாகச் சொல்வது உண்டு."

குரு நிமிர்ந்தார். "டிரைவருக்கு டீக்குக் குடுக்கறதுக்கு அப்படியா பேரு?"

"ஆமாம்."

"பதினேழு வருஷம் ஓட்டியிருக்கேன் சார். ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியலை."

வாத்தியார் சிரிக்கவில்லை. பாடம் நடக்கும்போது அவர் சிரிப்பதில்லை. மூன்றாம் பக்கம் முழுக்க உதாரண வாக்கியங்கள். நாலாம் பக்கக் கடைசியில், இப்படிக்கு அர்த்தநாரி, எம்.ஏ., பி.எட்.

"இதை மட்டுந்தான் அனுப்பினீங்களா?"

வாத்தியார் தயங்கினார்.

"அவள் கார்டையும் திருப்பி அனுப்பினேன்."

"எதுக்குங்க?"

"திருத்தி."

"திருத்தின்னா?"

"சிவப்பு மையில். தேதி இல்லை, விளிப்பு இல்லை, வாக்கியம் முற்றுப்பெறவில்லை என்று ஓரத்தில் குறித்தேன். பழக்கம் சாமி. கையில் தாள் வந்தால் பேனா தானாக வருகிறது. பத்துக்கு நாலு போட்டிருந்தேன்."

"நாலா? எனக்கெல்லாம் நீங்க அவ்வளவு போட்டதில்லையே."

"கையெழுத்துக்காகப் போட்டது. மரகதத்துக்கு முத்து முத்தான கையெழுத்து."

குரு தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது வெங்காயத்தாலா என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. தோள் குலுங்கியதைப் பார்த்தால் வெங்காயத்தால் இல்லை என்றுதான் பட்டது.

"அதுக்குப் பதிலாத்தான் இன்னிக்கு வந்த கார்டு," என்றார் குரு கடைசியில்.

"ஆமாம். இது தமிழில். தேதியெல்லாம் போட்டிருக்கிறாள்."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கார்டின் மேல் மூலையில் இருந்த தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

குரு எழுந்துபோய், உறியில் தொங்கிய துணிப்பையிலிருந்து பட்டன் போன் ஒன்றை எடுத்து வந்தார். ஜனங்கள் வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனது.

"நம்பர் ஞாபகம் இருக்குதுங்களா?"

வாத்தியார் மூச்சு விடாமல் சொன்னார். இப்போதைய நம்பர், அதற்கு முன்னால் இருந்த ஆறு இலக்க நம்பர், எண்பத்தாறில் முதன்முதலாக வீட்டுக்குப் போன் வந்தபோது கிடைத்த ஐந்து இலக்க நம்பர், மூன்றையும் சொன்னார்.

"அடேங்கப்பா! சரி, கூப்பிட்டுக் கேட்டிரலாம். எதை ஞாபகம் இருக்குதான்னு கேட்டீங்க அம்மான்னு."

"ஐயோ, வேண்டாம்!" வாத்தியார் போனைப் பிடுங்காத குறையாகக் கையை நீட்டித் தடுத்தார். "கேட்டால் நான் மறந்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்."

"இப்பத் தெரியாதுங்களா?"

வாத்தியார் கார்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னும் ஒரு பகல் இருக்கிறது," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அன்று பகல் முழுக்க அவர் மாமரத்தடியில் உட்கார்ந்து எழுதினார். கோடு போட்ட முழுநீளத் தாளில் மார்ஜின் போட்டு, வரிசை எண் போட்டு, மரகதம் எதையெல்லாம் கேட்டிருக்கக்கூடும் என்று ஒரு பட்டியல். கல்யாண தேதி. நிச்சயம் செய்த தேதி. அவளுக்கு வேலை கிடைத்த நாள். மகள் பிறந்த நட்சத்திரம். குக்கர் வெடித்துக் கூரையில் சாம்பார் ஒட்டிய தீபாவளி. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "கொஞ்சம் இருங்கள், தொண்ணூற்றிரண்டில் இருக்கிறேன்" என்றார்.

நாலு மணிக்கு முப்பத்தோரு இனம் ஆகியிருந்தது. சாத்தியம் அதிகமானது மேலே, குறைவானது கீழே. அதை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

குரு கயிற்றுக்கட்டிலின் தொய்ந்த பக்கத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "படிங்க சார்."

வாத்தியார் படித்தார். ஏழாவதில் தான் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற்ற நாள். எட்டாவதில் கலெக்டர் கையால் தனக்குக் கேடயம் கிடைத்த நாள்.

"அன்னிக்கு அம்மா எங்க இருந்தாங்க?"

"எட்டாவதிலா? டியூட்டியில் இருந்தாள் என்று நினைக்கிறேன். இல்லை, வந்திருந்தாளோ..." வாத்தியார் பென்சிலால் எட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுக்கொண்டார். "பதினாலு. எண்பத்தொன்பது டிசம்பர், ஜோலார்பேட்டை."

"அங்க என்ன ஆச்சு?"

"டீ குடிக்க இறங்கினேன். ரயில் நகர்ந்துவிட்டது. மரகதம் உள்ளே இருந்து சங்கிலியைப் பிடித்து இழுத்துவிட்டாள்."

"அடடே! வண்டி நின்னுதா?"

"நின்றது. ரயில்வே போலீஸ் வந்து அவளைச் சத்தம் போட்டார்கள். ஒரே கூட்டம். நான் ஓடிப்போய் ஏறி, விதியை எடுத்துச் சொன்னேன்."

"அவங்களுக்காகப் பேசினீங்களா? நல்லது. எந்த விதி?"

"போதிய காரணம் இல்லாமல் சங்கிலியை இழுக்கக்கூடாது என்கிற விதி."

குருவின் கையிலிருந்த கயிறு நழுவியது.

"அதை போலீஸ்கிட்டச் சொன்னீங்களா, அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"பொதுவாகச் சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க? காரணம் கேட்டிருப்பாங்களே."

"ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கைகாட்டினாள்."

மாமரத்தில் ஒரு காகம் கத்திவிட்டுப் போனது. குரு கயிற்றை மறுபடி எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"சார், இதையே போய்ச் சொல்லிரலாமே?"

"இதற்குச் சாத்தியம் குறைவு சாமி. பதினாலாவது இடம்." வாத்தியார் தாளை அடுத்த பக்கம் திருப்பினார். "பதினைந்து..."

"இருங்க. நான் ஒண்ணு சொல்றேன். அப்புறம் பதினைஞ்சுக்குப் போகலாம்."

வாத்தியார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்ககூடப் பழனியாண்டின்னு ஒரு டிரைவர் இருந்தான். நாக்பூர், பூனான்னு லோடு போயிட்டு இருபத்திரண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வர்றான். பட்டப்பகல். கதவு சாத்தியிருக்குது. பையைத் துழாவறான், சாவியைக் காணோம். 'எங்க வெச்சேன், எங்க வெச்சேன்'னு வாசல்லயே நின்னு யோசிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். 'கடைசியா எப்பப் பாத்தே?'ன்னு கேட்டார். எதிர்வீட்டு அம்மா வந்தாங்க. 'சட்டையைக் கழட்டி உதறு'ன்னாங்க. கழட்டி உதறினான். இன்னொருத்தர் வந்து, 'ஒவ்வொரு ஊராப் பின்னாடி போய்ப் பாரு, ஞாபகம் வந்துரும்'னார். கண்ணை மூடிட்டு, கிருஷ்ணகிரி, பெங்களூர், சித்ரதுர்கா, ஹூப்ளின்னு இவன் ஒவ்வொண்ணாப் போறான். தெருவே கூடிருச்சு. அரைமணி நேரம்."

"பூட்டு எந்த வகைப் பூட்டு?"

"அதான் சார். கதவுல பூட்டே தொங்கலை. உள்பக்கம் தாழ் போட்டிருக்குது. அத்தனை பேர்ல ஒருத்தருக்கும் அது கண்ணுல படலை."

"ஓ!"

"குளிச்சிட்டிருந்த பொண்டாட்டி, வாசல்ல சத்தம் கேட்டுத் தலையில துண்டைச் சுத்திட்டு வந்து கதவைத் திறந்தா. 'எப்ப வந்தீங்க?'ன்னு கேட்டா. இவன் கண்ணைத் திறக்காமலே கத்தறான். 'சாத்துடி கதவை! இப்பத்தான் ஞாபகம் வர்ற மாதிரி இருக்குது!'"

சொல்லிவிட்டு குரு கட்டில் கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

வாத்தியார் நெடுநேரம் யோசித்தார். அவர் நெற்றி சுருங்கியது. விரிந்தது. குரு நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

"கடைசியில் சாவி எங்கே இருந்ததாம்?"

குரு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"பதினைஞ்சைப் படிங்க சார்," என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வாத்தியார் குளித்துத் திருநீறு பூசி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார். பட்டியல் ஐம்பத்திரண்டுக்கு வளர்ந்திருந்தது. கண் சிவந்திருந்தது. குருவும் கூட வந்திருந்தார். ராத்திரி அங்கேயே தங்கிய பஸ், டிரைவர் டீ குடித்து முடிக்கட்டும் என்று உறுமிக்கொண்டு நின்றது.

"சாமி, இப்படிச் செய்தால் என்ன? இதை விட்டால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒரு மணிக்கு."

"அதற்குள் நிச்சயம் கண்டுபிடித்துவிடுவேன். நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவில்தான் இருக்கிறது."

"பன்னிரண்டுக்கு ரயில் சார்."

"டேய் வடமலை, அது எனக்குத் தெரியாதா?" என்று வாத்தியார் கத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே அவர் கையைக் கூப்பிவிட்டார். "மன்னிக்கணும் சாமி. வாய் தவறிவிட்டது."

"பரவாயில்லைங்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

வாத்தியார் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். டிரைவர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கண்டக்டர் படியில் நின்று விசில் ஊதினார்.

"ஐயா, வர்றீங்களா, இல்லையா?"

வாத்தியார் நகரவில்லை. குரல் தாழ்ந்து, குருவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பயமாக இருக்கிறது வடமலை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்கு விடை தெரியாமல் அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது?"

"வருஷம் பூரா நான் அப்படித்தானே சார் உங்க வகுப்புக்கு வந்தேன்? ஒருநாள்கூட வராம இருந்ததில்லையே."

வாத்தியார் அவரைப் பார்த்தார். கண்டக்டர் இரண்டாவது முறை விசில் ஊதிவிட்டு, கையைப் பிடித்து அவரைப் படியில் ஏற்றிவிட்டார். பஸ் நகர்ந்தது.

ஜன்னலோரம் போய் விழுந்தவர், தலையை வெளியே நீட்டினார்.

"சாமி! அவள் கேட்டால் என்ன சொல்லட்டும்? ஒரே ஒரு வார்த்தையாவது சொல்லிக் கொடுங்கள்!"

குரு பஸ்ஸோடு கூடவே நாலு எட்டு ஓடினார்.

"கேக்கறதுக்கு அவங்களுக்கு எங்க சார் நேரம்? மத்தியானம் ரயில். வீட்டைக் கூட்டணும், மூட்டை கட்டணும், மாடிப்படியில அத்தனையும் இறக்கணும். போனதும் பேசாம ஒரு பெரிய பெட்டியாப் பாத்துத் தூக்குங்க!"